பாலமும் வில்லும் ஆன பாதம்

உரைநடை – அறிவியல் கட்டுரை

கற்றலின் நோக்கங்கள்

• மனிதப் பாதத்தின் எலும்புகள், மூட்டுகள், வளைவுகள் ஆகியவற்றின் அமைப்பையும் பணியையும் அறிதல்
• அறிவியல் செய்தியைத் தமிழில் படித்துப் பொருள் உணர்தல். சொந்த நடையில் எழுதுதல்
• உடல் உறுப்புகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களையும் அவற்றோடு தொடர்புடைய மரபுத்தொடர்களையும் அறிந்து பயன்படுத்துதல்

நுழையும்முன்

நாள்தோறும் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கும் மனிதர் தம் பாதத்தை உற்றுப் பார்ப்பது அரிது. முள் தைத்தால்தான் அதன் நினைவு வருகிறது. ஆயினும், நிற்கும்போது உடலின் முழு எடையையும் தாங்குவது பாதமே. மேடு பள்ளத்தில் உடல் சாயாமல் காப்பதும் பாதமே. பாதம் எவ்வாறு அமைந்துள்ளது? அவ்வமைப்பை நன்கு புரிந்துகொண்டவர்கள் கால் இழந்தோர்க்கு என்ன செய்தார்கள்? இவ்விரு வினாக்களுக்கும் இப்பாடம் விடை கூறுகிறது.

எலும்புகளின் கூட்டம்

வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள எலும்புகள் பொதுவாக 206. அவற்றுள் 52 எலும்புகள் இரண்டு பாதங்களில் மட்டும் உள்ளன. அதாவது, உடலின் எலும்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கணுக்காலுக்குக் கீழே இருக்கிறது.

ஒரு பாதத்தின் 26 எலும்புகளையும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம். பின்பகுதியில் பருமனான ஏழு எலும்புகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரியது குதிகாலில் அமைந்த குதியெலும்பு. அதன்மேல் அமர்ந்திருப்பது கணுவெலும்பு. உடலின் எடை கீழ்க்காலிலிருந்து பாதத்திற்கு இறங்கும் வாயில் இதுவே. இத்தனை பெரிய பொறுப்பை ஏற்றிருந்தும் இவ்வெலும்பில் ஒரு தசைகூட ஒட்டியிருக்கவில்லை என்பது வியப்பிற்குரியது. கணுவெலும்பின் முன்னே படகு வடிவில் ஒரு படகெலும்பும், அதற்கு முன்னே ஆப்பு வடிவில் மூன்று ஆப்பெலும்புகளும், வெளிப்பக்கத்தில் ஒரு கனசதுர எலும்பும் உள்ளன.

இவற்றை அடுத்து ஐந்து நீண்ட நடுப்பாத எலும்புகள் விரல்களை நோக்கிச் செல்கின்றன. இறுதியாக விரல் எலும்புகள் 14. பெருவிரலில் இரண்டும் மற்ற ஒவ்வொரு விரலிலும் மும்மூன்றும் உள்ளன.

ஒரே கட்டையாக இருந்திருந்தால் பாதம் எளிதில் உடையாத உறுதியைப் பெற்றிருக்கக்கூடும். அவ்வாறின்றி அது ஏன் இத்தனை துண்டுகளாக அமைந்தது? இதற்கான விடை எலும்புகளுக்கு இடையே உள்ள மூட்டுகளில் இருக்கிறது.

முப்பத்து மூன்று மூட்டுகள்

ஒரு பாதத்தில் 33 மூட்டுகள் உள்ளன. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநார்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. எல்லா மூட்டுகளும் ஒரே வகையில் அசைவதில்லை; ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பணி உண்டு.

முதலாவது கணுக்கால் மூட்டு. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் கீழ்முனையில் கவை போல் அமைந்து கணுவெலும்பை இருபுறமும் பற்றிக்கொள்கின்றன. கணுக்காலின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் துருத்தி நிற்கும் இரண்டு முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தால் அக்கவையின் இரு கிளைகளையும் உணரலாம். இம்மூட்டு கதவின் கீலைப் போன்றது. பாதத்தை மேலே தூக்கவும் கீழே தாழ்த்தவும் இது உதவுகிறது.

இரண்டாவது, கணுவெலும்புக்கும் குதியெலும்புக்கும் இடையே உள்ள மூட்டு. பாதத்தை உட்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் சாய்க்க இது உதவுகிறது. சரளைக் கற்கள் நிறைந்த பாதையில் ஒரு காலடி கல்லின்மீதும் அடுத்த காலடி பள்ளத்திலும் விழும்போது, உடல் நேராக நிற்கப் பாதம் மட்டும் சாய்ந்து கொடுக்கிறதே, அது இம்மூட்டின் பணி.

மூன்றாவது, பின்பாதத்தையும் நடுப்பாதத்தையும் இணைக்கும் குறுக்கு மூட்டு. இது பூட்டவும் திறக்கவும் கூடிய தாழ்ப்பாளைப் போன்றது. குதிகால் வெளிப்பக்கமாகச் சற்றுச் சாயும்போது இம்மூட்டு தளர்கிறது. உட்பக்கமாகத் திரும்பும்போது இறுகுகிறது.

நான்காவது, நடுப்பாத எலும்புகளின் அடிப்பகுதியில் உள்ள வழுக்கு மூட்டுகள். இவை மிகச் சிறிதளவே நகரும். இரண்டாம் விரலுக்கு நேரான நடுப்பாத எலும்பு, ஆப்பெலும்புகளுக்கு நடுவே ஆழமாகப் பொருந்தியிருப்பதால் அது ஏறக்குறைய அசைவதே இல்லை. அசையாத அந்த ஒன்றைச் சார்ந்துதான் அசையும் மற்றவை ஒழுங்காக இயங்குகின்றன.

இறுதியாக, விரல்களின் அடியிலும் இடையிலும் உள்ள மூட்டுகள். இவற்றுள் பெருவிரலின் அடிமூட்டே முதன்மையானது. ஒவ்வோர் அடியும் முடியும் வேளையில் தரையை உந்தித் தள்ளும் வேலையில் பெரும்பங்கு பெருவிரலுக்கு உரியது.

மூன்று வளைவுகள்

ஈரமான பாதத்தைச் சிமெண்டுத் தரையில் பதித்தால், பலருக்கும் உட்பக்கத்தில் ஒரு பகுதி பதியாமல் விடுபட்டிருக்கும். அவ்விடத்தில் பாதம் தரையைத் தொடாமல் உயர்ந்து வளைந்திருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

பாதத்தில் இத்தகைய வளைவுகள் மூன்று உள்ளன. குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிவரை உட்பக்கமாக நீண்டு செல்வது முதல் வளைவு. மூன்றிலும் உயரமானது இதுவே. குதிகாலிலிருந்து சுண்டுவிரலின் அடிவரை வெளிப்பக்கமாகச் செல்வது இரண்டாம் வளைவு. இது தாழ்வானது, நிற்கும்போது இதன் கீழுள்ள தசையும் தோலும் தரையைத் தொட்டுவிடும். நடுப்பாதத்தில் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறுக்கே செல்வது மூன்றாம் வளைவு.

பழைய தொடர்வண்டிப் பாதைகளில் கல்லால் கட்டிய வளைவுப் பாலங்களைக் காணலாம். அப்பாலத்தின் கற்கள் மேலே அகன்றும் கீழே குறுகியும் ஆப்பு வடிவில் செதுக்கப்பட்டிருக்கும். மேலிருந்து எடை அழுத்த அழுத்த, கற்கள் ஒன்றையொன்று நெருக்கி இறுகும். பாதத்தின் ஆப்பெலும்புகளும் இவ்வாறே பொருந்தியுள்ளன. உட்பக்க வளைவின் உச்சியில் கணுவெலும்பு, பாலத்தின் உச்சிக்கல்லைப் போல அமர்ந்திருக்கிறது.

ஆனால், பாலத்திற்கும் பாதத்திற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பாலம் அசையாமல் நிற்பது. பாதமோ தாழ்ந்து மீண்டும் எழுவது. இங்கு அது பாலத்தைவிட வில்லையே ஒத்திருக்கிறது. வில்லின் இரு முனைகளை நாண் இழுத்துப் பிடிப்பது போல, குதியெலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு வலிய படலம் இழுத்துக் கட்டியிருக்கிறது. உடலின் எடை வளைவை அழுத்தும்போது அதன் இரு முனைகளும் விலக முயலும். உள்ளங்கால் படலம் அவற்றை விலகவிடாமல் பிடிக்கிறது. வளைவுக்கு அடியில் உள்ள தசைநார்களும், கெண்டைக்கால் பகுதியிலிருந்து இறங்கி வரும் தசைநாண்களும் அதற்குத் துணை நிற்கின்றன.

ஓடும்போது இந்த வில்லின் பயன் தெளிவாகத் தெரியும். கால் ஊன்றும்போது வளைவு தாழ்ந்து ஆற்றலைச் சேமிக்கிறது. கால் எழும்போது அதைத் திருப்பித் தருகிறது. ஓட்டத்தின் ஒவ்வோர் ஊன்றலிலும் உடல் இழந்து மீட்கும் ஆற்றலில் ஏறத்தாழ 17 விழுக்காட்டைப் பாத வளைவு சேமிக்கக்கூடும் என 1987ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

குறுக்கு வளைவின் சிறப்பை அறிஞர்கள் அண்மையில்தான் நன்கு உணர்ந்தனர். ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்துக் கிடையாக நீட்டினால் அதன் மறுமுனை துவண்டு தொங்கும். அதே தாளைப் பிடித்த இடத்தில் குறுக்காகச் சற்று வளைத்தால் தாள் விறைத்து நேராக நிற்கும். பாதத்தின் குறுக்கு வளைவும் இவ்வாறே பாதத்திற்கு விறைப்பைத் தருகிறது. மதுசூதன் வெங்கடேசனும் அவருடைய குழுவினரும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பாதத்தின் விறைப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பங்கு இக்குறுக்கு வளைவினுடையது எனக் காட்டியது.

நெகிழ்வும் உறுதியும்

ஒரே ஓர் அடி எடுத்து வைக்கும் நேரத்தில் பாதம் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது.

குதிகால் தரையைத் தொட்டவுடன் பாதம் மென்மையாக இருக்க வேண்டும். இல்லையெனில் அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறிவிடும். அப்போது குதிகால் வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்கிறது. குறுக்கு மூட்டு தளர்கிறது. வளைவு தாழ்கிறது. பாதம் தரையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பப் படிகிறது.

அடுத்த நொடியே குதிகால் மேலெழுகிறது. இப்போது பாதம் உறுதியான நெம்புகோலாக மாற வேண்டும். மென்மையாகவே இருந்தால் தரையை உந்த முடியாது. மணலில் நடப்பது போலக் கால் சோர்ந்துவிடும். ஆகவே, குதிகால் உட்பக்கமாகத் திரும்புகிறது. குறுக்கு மூட்டு பூட்டிக்கொள்கிறது. பெருவிரல் மேல்நோக்கி மடங்குகிறது. அது மடங்கும்போது, அதன் அடியைச் சுற்றிச் செல்லும் உள்ளங்கால் படலம் இழுபடுகிறது. பட்டம் விடுவோர் உருளையில் நூலைச் சுற்றச் சுற்ற, வெளியில் உள்ள நூல் குறுகிப் பட்டம் அருகே வருவதைக் கண்டிருக்கலாம். அதுபோலப் படலம் விரலடியில் சுற்றிக்கொள்ள, குதிகாலும் விரலடியும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. வளைவு உயர்ந்து இறுகுகிறது. இந்த இயக்கத்தை ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர் 1954ஆம் ஆண்டில் விளக்கினார்.

பாதம் ஏன் 26 எலும்புகளால் ஆனது என்னும் வினாவுக்கு இப்போது விடை கிடைக்கிறது. நெகிழ மட்டும் தெரிந்த பாதம் உந்தாது. உறுதி மட்டும் உள்ள பாதம் தரைக்கு இணங்காது. மூட்டுகளும் வளைவுகளும் சேர்ந்தே இரண்டையும் நிறைவேற்றுகின்றன.

செய்து பார்ப்போம்

1. நண்பர் ஒருவரை வெறுங்காலுடன் நேராக நிற்கச் செய்க. அவர் பாதத்தைத் தரையில் ஊன்றியபடி இருக்க, அவருடைய பெருவிரலை மட்டும் மெல்ல மேலே தூக்குக. பாதத்தின் உட்பக்க வளைவில் என்ன மாற்றம் தெரிகிறது?

2. நண்பரை முன்பாதத்தில் எம்பி நிற்கச் செய்து, பின்னிருந்து அவருடைய குதிகால்களைப் பார்க்க. அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன?

3. ஒரு தாளை முதலில் தட்டையாகவும் பின்னர்க் குறுக்காக வளைத்தும் கிடையாகப் பிடிக்க. இரு நிலைகளிலும் அதன்மேல் ஓர் அழிப்பானை வைத்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்க.

வளைவு வளரும் பருவம்

பிறந்த குழந்தையின் பாதம் தட்டையாகத் தோன்றும். உள்ளங்காலில் உள்ள கொழுப்பு வளைவை மறைத்திருப்பதும், தசைநார்கள் இளகியிருப்பதும் அதற்குக் காரணங்கள். குழந்தை நின்று, நடந்து, ஓடி விளையாடி வளரும்போது, ஏறத்தாழப் பத்து வயதுக்குள் பெரும்பாலோர்க்கு வளைவு தெளிவாக வெளிப்படுகிறது.

இந்த வளர்ச்சியில் காலணிக்கும் ஒரு தொடர்பு உண்டு எனக் கருநாடக மாநிலத்து மணிப்பால் மருத்துவர்கள் இருவர் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அவர்கள் 4 முதல் 13 வயதுவரை உள்ள 2,300 சிறுவர் சிறுமியரின் கால் தடங்களைப் பார்த்தனர். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினர்க்குத் தட்டைப்பாதம் இருந்தது. வெறுங்காலுடன் வளர்ந்தவர்களிடம் அது 2.8 விழுக்காடாக இருந்தது. விரல்களை மூடும் காலணி அணிந்தவர்களிடம் தட்டைப்பாதம் மிகுதியாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் அதைவிடக் குறைவாகவும் காணப்பட்டது.

இதனால் காலணியே வேண்டா எனக் கொள்ளுதல் பொருந்தாது. கண்ணாடித் துண்டும் ஆணியும் கிடக்கும் நகரத் தெருவில் காலணி இன்றியமையாதது. வீட்டிலும் புல்வெளியிலும் மணலிலும் பாதத்திற்குச் சற்று விடுதலை அளிக்கலாம் என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்க கருத்து. பள்ளிக் காலணி வாங்கும்போது, நீளமான விரலுக்கு முன்னே ஒரு பெருவிரல் அகலத்திற்கு இடம் இருக்கிறதா எனப் பார்த்தல் நன்று. சென்ற ஆண்டுக் காலணியில் இவ்வாண்டுப் பாதத்தைத் திணித்தல் தவறு.

தட்டைப்பாதம் உடைய தோழரை எள்ளி நகையாடுதலும் தவறு. தட்டைப்பாதம் உடையோர் பலர்க்கு வலியோ இடரோ இல்லை. முன்பாதத்தில் எம்பி நிற்கும்போது வளைவு தோன்றினால் அப்பாதம் நெகிழ்ச்சி உடையது என்று பொருள். இந்தியப் படைகளில் சேர்வதற்கான மருத்துவத் தேர்விலும் இதையே பார்க்கிறார்கள். எம்பி நிற்கும்போது வளைவு மீண்டும் தோன்றி, முன்பாதத்தால் நன்கு ஓடவும் குதிக்கவும் முடிந்து, பாதம் நெகிழ்வோடும் வலியின்றியும் இருந்தால் அவரை ஏற்கலாம். ஆகவே, தட்டைப்பாதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கனவைக் கைவிட வேண்டியதில்லை. வலியோ விறைப்போ இருந்தால் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

ஜெய்ப்பூரில் பிறந்த பாதம்

பாதத்தின் மூட்டுகள் எவ்வளவு அருமையானவை என்பதை, அவற்றை இழந்தவர்களே நன்கு அறிவர்.

விபத்தாலும் நோயாலும் காலை இழந்தவர்க்குச் செயற்கைப் பாதம் பொருத்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1950களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட ஒரு வகைப் பாதம் பல நாடுகளில் பரவியது. அதில் கணுக்கால் மூட்டு இல்லை. உள்ளே விறைப்பான கட்டையும் குதிகாலில் மென்மையான பஞ்சும் இருந்தன. நாற்காலியில் அமர்ந்து, காலணி அணிந்து, சமமான தரையில் நடப்பவர்க்கு அது போதுமானதாக இருந்தது.

இந்திய ஊர்ப்புறத்து மக்களின் வாழ்க்கை வேறு. அவர்கள் தரையில் சம்மணமிட்டு உண்பவர்கள். குந்தி அமர்ந்து வேலை செய்பவர்கள். கோயிலுக்கும் சமையலறைக்கும் வெறுங்காலுடன் செல்பவர்கள். நீர் தேங்கிய வயலில் இறங்குபவர்கள். விறைத்த பாதத்தால் குந்த முடியவில்லை, சம்மணமிட முடியவில்லை, காலணி இல்லாமல் நடக்கவும் முடியவில்லை. ஆகவே, பலர் அச்செயற்கைக் காலை மூலையில் வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலையே நாடினர். கால் கிடைத்தும், பந்தியில் பிறரோடு அமர்ந்து உண்ண முடியாத நிலை அவர்களுக்கு இருந்தது.

இக்குறையை ஜெய்ப்பூர் நகரத்துச் சவாய் மான்சிங் மருத்துவமனையில் இருவர் உணர்ந்தனர். ஒருவர் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தி. மற்றவர் இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர். சர்மா பெரிய பள்ளிப்படிப்பு இல்லாதவர். ஆயினும், பொருளைக் கண்டால் அதன் வடிவத்தைக் கையில் கொண்டுவரும் ஆற்றல் உடையவர். மருத்துவர் பாதத்தின் மூட்டுகள் எவ்வாறு அசைகின்றன என்பதை விளக்கினார். கைவினைஞர் அந்த அசைவைப் பொருளில் தேடினார்.

மிதிவண்டிச் சக்கரத்தைப் பழுது பார்க்கும் கடையில் இரப்பரைச் சூடாக்கி ஒட்டுவதைக் கண்டபோது சர்மாவுக்கு வழி புலப்பட்டது என்று கூறுவர். முழுவதும் இரப்பரால் வார்த்த பாதம் கனமாக இருந்தது. பின்னர், குதிகாலிலும் முன்பாதத்திலும் பஞ்சு போன்ற இரப்பரையும் கணுக்கால் பகுதியில் இலேசான மரக்கட்டையையும் வைத்து, அவற்றைச் சுற்றித் தோல் நிறத்து இரப்பரைப் பொதிந்து, அச்சில் இட்டுச் சூடேற்றினர். 1968ஆம் ஆண்டில் ஜெய்ப்பூர் பாதம் உருவாயிற்று.

அதில் 26 எலும்புகளும் இல்லை. 33 மூட்டுகளும் இல்லை. ஆனால், அவை செய்யும் வேலையின் ஒரு பகுதியை இரப்பரின் நெகிழ்வு செய்தது. குந்தும்போது பாதம் மேல்நோக்கி மடங்கியது. கற்பாதையில் பக்கவாட்டில் சாய்ந்தது. சம்மணமிடும்போது திரும்பிக் கொடுத்தது. நீரில் நனைந்தாலும் கெடவில்லை. விரல்களும் நகங்களும் உடைய உண்மைப் பாதம் போலவே தோன்றியதால், காலணி இல்லாமலே நடக்க முடிந்தது. தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது உண்மை. இயற்கைப் பாதத்திற்கு முழு ஈடாகாது என்பதும் உண்மை. எனினும், வயலுக்கும் பந்திக்கும் மீண்டும் செல்லும் வழியை அது திறந்தது.

1975ஆம் ஆண்டில் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்னும் அமைப்பு இப்பாதத்தை ஏழைகளுக்குக் கட்டணமின்றிப் பொருத்தி வருகிறது. மருத்துவர் சேத்திக்கு 1981ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தது. அப்பாதத்தைத் தம் கைகளால் வடித்த சர்மாவின் பெயரை இன்றும் பலர் அறியார். அறிவியல் கண்டுபிடிப்பில் அறிந்த மூளைக்கும் செய்த கைக்கும் சம பங்கு உண்டு என்பதை மறத்தல் கூடாது.

மேடை ஏறிய கால்கள்

பரதநாட்டியம் பாதத்தைக் கடுமையாகச் சோதிக்கும் கலை. தட்டடவில் உள்ளங்கால் முழுவதும் தரையில் அறையும். நாட்டடவில் குதிகால் ஊன்றும். குதித்து மெட்டடவில் முன்பாதத்தில் எழுந்து குதிகாலால் தட்ட வேண்டும். மேலே கூறிய மூட்டுகள் அனைத்தும் ஒரே பாடலுக்குள் பணிக்கு வந்துவிடும்.

மும்பையில் வளர்ந்த தமிழ்ப் பெண் சுதா சந்திரன் சிறு வயது முதலே பரதம் பயின்றவர். 1981ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பயணம் செய்தபோது நேர்ந்த விபத்தில் அவர் காயமுற்றார். கணுக்காலில் ஏற்பட்ட புண் அழுகியதால் வலக்காலை அகற்ற வேண்டியதாயிற்று. அப்போது அவர் பதின்வயதினர். ஜெய்ப்பூர் பாதத்தைப் பொருத்திக்கொண்ட அவர், முதலில் நிற்கவும் நடக்கவும் பழகினார். பின்னர் அடவுகளை ஒவ்வொன்றாக மீண்டும் கற்றார். 1984ஆம் ஆண்டில் மும்பை மேடையில் மீண்டும் ஆடினார். அவருடைய வாழ்வைத் தழுவித் தெலுங்கில் எடுக்கப்பட்ட ‘மயூரி’ என்னும் திரைப்படத்தில் அவரே நடித்தார்.

இரப்பர் பாதத்தால் தானாக ஆட முடியாது. இழந்த மூட்டுகள் செய்த பணியை முழங்காலும் இடுப்பும் ஏற்கும்படி உடலைப் பழக்கியது அவருடைய உழைப்பு. அவ்வுழைப்புக்கு இணங்கி வளைந்து கொடுத்தது ஜெய்ப்பூர்க் கைவினை.

நிறைவாக

தாங்குவதற்கு உறுதி வேண்டும். இணங்கிச் செல்வதற்கு நெகிழ்வு வேண்டும். இவ்விரண்டும் ஒரே உறுப்பில் ஒவ்வோர் அடியிலும் மாறி மாறி நிகழ்கின்றன. பாதத்தின் இந்த அமைப்பை அறிந்தவர் தம் பாதத்தைப் பேணுவர். பிறர் பாதத்தின் குறையை இகழார். கால் இழந்தவரைக் கண்டால், அவர் இழந்தவற்றுள் மற்றவரோடு தரையில் அமரும் உரிமையும் ஒன்று என்பதை உணர்வர்.

சொல்லும் பொருளும்

கவை – இரு கிளையாகப் பிரிந்த அமைப்பு
தசைநார் – எலும்பை எலும்போடு இணைக்கும் நார்
தசைநாண் – தசையை எலும்போடு இணைக்கும் நாண்
கீல் மூட்டு – கதவு போல ஒரே திசைவழியில் மடங்கி நிமிரும் மூட்டு
நெம்புகோல் – பளுவை உயர்த்தப் பயன்படும் கோல்
விறைப்பு – வளையாத தன்மை
சம்மணமிடுதல் – கால்களை மடக்கிக் குறுக்காக வைத்துத் தரையில் அமர்தல்
குந்துதல் – பாதங்களை ஊன்றி முழங்கால்களை மடக்கி அமர்தல்
பந்தி – வரிசையாக அமர்ந்து உண்ணுதல்
அடவு – பரதநாட்டியத்தின் அடிப்படை அசைவு

சொல்வளம் பெறுவோம்

‘அடி’ என்னும் சொல் தமிழில் பல பொருள்களைத் தரும்.

பாதம் – குழந்தை முதல் அடி எடுத்து வைத்தது.
கீழ்ப்பகுதி – மரத்தின் அடியில் அமர்ந்தனர்.
நீட்டல் அளவு – அச்சுவர் பத்து அடி உயரம் உடையது.
செய்யுளின் வரி – குறள் வெண்பா இரண்டு அடிகளை உடையது.

மரபுத்தொடர்: காலூன்றுதல் – நிலைபெறுதல்.
எ.கா. வேலை தேடி வந்த அக்குடும்பம் சில ஆண்டுகளில் புதிய ஊரில் காலூன்றியது.

இலக்கணம் அறிவோம்

1. புறம் + கால் = புறங்கால். ‘ம்’ என்னும் மெய்யில் முடியும் சொல்லின் பின் ககரம் வரும்போது, ‘ம்’ இனமெழுத்தாகிய ‘ங்’ எனத் திரிந்தது.

2. ஊன்றுகோல் – ஊன்றிய கோல், ஊன்றுகின்ற கோல், ஊன்றும் கோல் என முக்காலத்திற்கும் பொருந்தி, காலம் காட்டும் உறுப்பு மறைந்து வருவதால் இது வினைத்தொகை.

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஒரு பாதத்தில் உள்ள எலும்புகளின் எண்ணிக்கை
(அ) 14 (ஆ) 26 (இ) 33 (ஈ) 52

2. தசை ஒட்டியிராத எலும்பு
(அ) குதியெலும்பு (ஆ) படகெலும்பு (இ) கணுவெலும்பு (ஈ) கனசதுர எலும்பு

3. ‘மரம் + கொத்தி’ என்பதைச் சேர்த்து எழுதக் கிடைப்பது
(அ) மரம்கொத்தி (ஆ) மரக்கொத்தி (இ) மரங்கொத்தி (ஈ) மரத்துக்கொத்தி

4. பின்வருவனவற்றுள் வினைத்தொகை
(அ) வெறுங்கால் (ஆ) ஊறுகாய் (இ) பெருவிரல் (ஈ) கால்தடம்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பாதத்தின் மூன்று வளைவுகள் எங்கெங்கு அமைந்துள்ளன?
2. குறுக்கு மூட்டைத் தாழ்ப்பாளோடு ஒப்பிடக் காரணம் என்ன?
3. பிறந்த குழந்தையின் பாதம் தட்டையாகத் தோன்றுவது ஏன்?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. பாதம் எவ்வகையில் பாலத்தை ஒத்தது? எவ்வகையில் வில்லை ஒத்தது?
2. அமெரிக்காவில் உருவான செயற்கைப் பாதம் இந்திய ஊர்ப்புற மக்களுக்குப் பொருந்தாமல் போனமைக்கான காரணங்களைத் தொகுத்து எழுதுக.
3. ‘அறிந்த மூளைக்கும் செய்த கைக்கும் சம பங்கு உண்டு’ – இக்கருத்தை இருவரின் பணியைக் கொண்டு விளக்குக.

ஈ. ‘காலூன்றுதல்’ என்னும் மரபுத்தொடரைக் கொண்டு உம் குடும்பம் இவ்வூருக்கு வந்த வரலாற்றை ஒரு பத்தியில் எழுதுக.

உ. செயல்பாடு

தாத்தா, பாட்டி அல்லது வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு, தரையில் அமரும் முறைகளைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுக்க. ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக, நீங்கள் வாழும் ஊரின் மொழியில் வழங்கும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வகுப்பறைச் சுவரில் காட்சிப்படுத்துக.